தட்டிப் பார்த்த வேம்பு

எங்கள் வீட்டில் விடிந்தால் பொழுதுபட்டால் சண்டைதான் என்று பழுகாமத்தில் பலர் நம்புகிறார்கள். பக்கத்து வளவு அன்னப்பூரணி ஒருநாள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "சுலோ, அந்த மனுசனப் போட்டு இப்பிடி ஏசாத கா, பாவம்" என்றாள். நான் ஏசவே இல்லை. சோறு போடவா என்றுதான் கேட்டேன். அவள் சொன்ன பிறகுதான் என் குரலை நானே கவனித்தேன். தேத்தண்ணி வேணுமா என்பதைக்கூட ஆற்றுக்கு அக்கரையில் நிற்கும் ஆளைக் கூப்பிடுவதுபோலக் கேட்டிருக்கிறேன். எப்போதிருந்து இப்படிக் கத்தத் தொடங்கினேன் என்று யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை.

என் கணவர் அருமைநாயகம் மரம் வெட்டுகிறவர். காட்டுக்குள் போய்ச் சாய்த்துவிட்டு வருகிறவர் இல்லை. கூரைக்கு மேல் சரிந்த மரம், கரண்ட் கம்பியில் முட்டும் மரம், கிணற்றுக்கும் மதிலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மரம் என்று, சாய்க்க இடமே இல்லாத மரங்களை உச்சியிலிருந்து துண்டு துண்டாக இறக்குவது அவருடைய தொழில். தென்னை என்றால் முதலில் குலை, பிறகு மட்டை, பிறகு வட்டு, கடைசியில் தண்டை முழம் முழமாக அரிந்துகொண்டே கீழே வருவார். கொப்புள்ள மரம் என்றால் கயிறு வேண்டும். வெட்டப்போகும் கொப்பில் கயிற்றைக் கட்டி, அதற்கு மேலுள்ள கவட்டுக்குள்ளால் விட்டு, மறு நுனியைக் கீழே அடிமரத்தில் சுற்றிவிடுவார்கள். கீழே நிற்பவர் அந்தச் சுற்றை இறுக்கியும் தளர்த்தியும் கொப்பை மெல்ல மெல்ல நிலத்துக்கு இறக்குவார். மேலே ஏறுகிறவருக்குத்தான் ஊரில் பெயர். உயிர் என்னவோ கீழே நிற்பவரின் கையில்.

கீழே நிற்கிறவர் ஏறாவூர் கச்சி முகம்மது நானா. இரண்டு பேரும் ஒன்றாகத் தொழில் செய்யத் தொடங்கியது எங்களுக்குக் கலியாணம் ஆவதற்கு முந்தி. நானா கயிற்றைக் கையில் எடுக்கும்போது பிஸ்மி சொல்லுவார். என் மனுசன் மரத்தில் உள்ளங்கையை வைத்து, "இருக்கிற ஆக்கள் எழும்பிப் போங்க" என்பார். கிளி, ஓணான், முசுறு, கண்ணுக்குத் தெரியாத மற்றவை எல்லோருக்கும் அந்த ஒரே அறிவித்தல்தான். அதற்குப் பிறகு கோடரியைத் திருப்பிப் பிடித்து, பிடங்கால் மரத்தைத் தட்டுவார்.

அந்தத் தட்டுதலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். வேரடியில் தொடங்கி, சுற்றிச் சுற்றி, கை எட்டும் உயரம் வரைக்கும் தட்டிப் பார்ப்பார். வெளியில் பச்சைப் பட்டையும் தளதளவென்ற இலையுமாக நிற்கும் மரம் உள்ளே உளுத்து, வெறும் பொந்தாக, கோறையாக இருக்கும். அதில் ஏறிப் பாரம் கொடுத்தால் மரமும் ஆளும் சேர்ந்து கீழே வருவார்கள். அதைக் கண்டுபிடிக்க வேறு வழி இல்லை, சத்தம்தான். கலியாணம் முடித்த புதிதில் எங்கள் அப்பா வீட்டுத் தூணையும் சும்மா இருக்கமாட்டாமல் தட்டிப் பார்த்து, "மாமா, இது கோறை" என்றார். புது மருமகன் வந்த அன்றே வீட்டுத் தூணுக்குக் குறை சொன்னால் எந்த மாமனுக்குப் பிடிக்கும்? அடுத்த மாரிக்கு அந்தத் தூண் முறிந்து இறங்கிய பிறகுதான் அப்பா அவருடன் முகம் கொடுத்துக் கதைத்தார். அன்றைக்கு இவர் எனக்குச் சொன்னதை மறக்கவில்லை. "நல்ல மரத்துக்கு ஒரு சத்தம் புள்ள, கோறை மரத்துக்கு ஒரு சத்தம். ரெண்டும் ஒரே சத்தமாக் கேட்டுதெண்டா ஏறேலா. ஏறுறவன் விசரன்."

சென்ற மாரியில் அடித்த காற்றுக்குப் பிறகு வேலைக்குக் குறைவே இல்லை. சாயாத மரத்தைக்கூடச் சாய்ந்த மாதிரித் தெரிகிறது என்று சனம் போன் எடுத்தது. போன் எல்லாம் எனக்குத்தான் வரும். "மரத்துல நிக்கக்குள்ள போன் கதைக்கேலா" என்று சொல்லி, தன் போனை என்னிடம் தந்திருந்தார். நானும் அதைப் பெரிய நம்பிக்கை என்று நினைத்துப் பெருமைப்பட்டேன். என் புத்தியை என்ன சொல்வது!

ஒருநாள் மதியம் அவர் ஆற்றில் குளிக்கப் போயிருந்தார். நான் தையல் மெசினில் சட்டை ஒன்று தைத்துக்கொண்டிருந்தேன். கச்சி நானா ஓட்டோவில் வந்து இறங்கினார். இரண்டு உள்ளங்கையிலும் துணி சுற்றியிருந்தது. துணிக்கு மேலால் மஞ்சள் மருந்து ஊறித் தெரிந்தது.

"என்ன நானா இது?"

"கயிறு சுட்டது தங்கச்சி. அருமை சொல்லலயா?"

சொல்லவில்லை. முதல் நாள் ஏறாவூரில் ஒரு மாமரம் இறக்கினார்கள் என்பது தெரியும். வந்து சாப்பிட்டார், படுத்தார். அவ்வளவுதான்.

நானா கதிரையில் இருந்துகொண்டு, தண்ணீர்க் கோப்பையை இரண்டு மணிக்கட்டாலும் பிடித்துக் குடித்தார். பிறகு சொன்னார். பெரிய கொப்பு ஒன்று பாதி வெட்டில் நின்றதாம். மெசின் வாளை நிற்பாட்டிவிட்டு இவர் மேலே கால் மாறிக்கொண்டிருந்த நேரம். வீட்டுக்கார நஸீறா, விழுந்து கிடந்த மாங்காயைப் பொறுக்க மரத்தடிக்குள் வந்துவிட்டா. நானா "நில்லு, வெட்டாத, ஆள் நிக்கி" என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார். இவர் திரும்பியும் பார்க்காமல் மெசினை இழுத்து, மிச்சத்தையும் வெட்டிவிட்டார். கொப்பு இறங்கியது. நானா கயிற்றை விடவில்லை. நைலோன் கயிறு உள்ளங்கையைத் தின்றுகொண்டு ஓடியது. கொப்பு நஸீறாவின் தலைக்கு மேல் ஆடிக்கொண்டு நின்றது.

"மெசின் சத்தத்துல கேக்காம இருந்திருக்கும் நானா" என்றேன்.

"மெசின் நிண்டிருந்தது தங்கச்சி. ஊரே கேட்டது. பள்ளிவாசலுக்குப் போய்க்கொண்டிருந்தவன் சைக்கிளால இறங்கி ஓடி வந்தான். மரத்துல இருந்தவனுக்கு மட்டும் கேக்கல."

தைத்துக்கொண்டிருந்த சட்டையைக் கீழே வைத்தேன். அவர் நிறுத்தவில்லை.

"அவன்ட காது போய்க் கன காலம். மெசின் வாள் வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாத் திண்டிட்டு. இப்ப மரத்தத் தட்டுறான், தட்டிப்போட்டு என்ட முகத்தப் பாக்கிறான். நான் தலைய மேலயும் கீழயும் ஆட்டினா ஏறுவான். பக்கவாட்டுல ஆட்டினா, வீட்டுக்காரனுக்கு இது கோறை எண்டு பெரிய டொக்டர் மாதிரிச் சொல்லுவான். அதப் பத்தி ரெண்டு பேரும் இண்டு வரைக்கும் ஒரு சொல்லுக் கதைச்சதில்ல."

"ஏன் கதைக்கல்ல?"

"எப்பிடிக் கதைக்கிறது? அவன்ட தொழில் அது."

எனக்கு வந்த கோபத்தை எங்கே கொட்டுவது என்று தெரியவில்லை. இத்தனை காலம் என் புருசனின் காதாக இருந்த மனுசன், என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை. "நீங்க எல்லாம் கூட்டாளிமாரா?" என்று கேட்டுவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. துணி சுற்றிய கைகளை மடியில் வைத்துக்கொண்டு, "கை ஆறினாலும் நான் இனி வரமாட்டன் தங்கச்சி. என்ட கையால ஒரு உசிர் போனா என்னால ஏலா. நீங்கதான் அவனுக்குச் சொல்லணும்" என்றார். இவர் ஆற்றிலிருந்து வருவதற்கு முன் எழுந்து போய்விட்டார்.

சொல்லணும். சொல்வது என்ன லேசா? இரவுச் சாப்பாட்டின்போது, "ஒருக்கா ஆஸ்பத்திரிக்குப் போய்க் காதக் காட்டுவமா?" என்று கேட்டேன். "ஆத்துத் தண்ணி புகுந்திரிக்கி, போயிரும்" என்றார். கச்சி நானாவின் கையைப் பற்றிக் கேட்டேன். "அந்தாள் கையுறை போடாது, எத்தின தரம் சொல்லியாச்சு" என்றார். பொய் சொல்கிறாரா, தனக்கே சொல்லிக்கொள்கிறாரா என்று எனக்கு விளங்கவில்லை. மகன் சதீசன் கட்டாரில் இருந்து போன் எடுத்தபோது அவனிடம் சொல்லலாம் என்று நினைத்தேன். தூரத்தில் இருக்கிற பிள்ளை பயந்து என்ன செய்யப்போகிறான் என்று விட்டுவிட்டேன். பயத்தை நான் ஒருத்தியே வைத்துக்கொண்டேன்.

அடுத்து வந்தது புளியந்தீவில் கேதீஸ்வரி ரீச்சர் வீட்டு வேம்பு. பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ரிட்டயர்ட் ஆகி, தனியாக இருக்கிறவ. வேம்பு அவ படுக்கும் அறைக்கு மேல் சாய்ந்து நிற்கிறது. காற்றுக்குப் பிறகு அவ அந்த அறையில் படுப்பதே இல்லையாம். முதலில் மரத்தைப் பார்க்கவேண்டும். பார்க்கப் போகும்போதெல்லாம் நானாதான் கூடப் போவார். இந்த முறை நானாவின் மச்சான் ஒருவர் வெட்டுகிற அன்றைக்கு வந்து கயிறு பிடிப்பதாக ஏற்பாடு. பார்க்கப் போக ஆள் இல்லை.

"நான் வாறன்" என்றேன்.

"நீ என்னத்துக்கு?"

"ரீச்சரப் பார்த்துக் கன நாள்" என்றேன். ரீச்சரை நான் வாழ்க்கையில் பார்த்ததே இல்லை.

மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறிப் போகும்போது எனக்கு ஒரே யோசனை. தட்டிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். நானோ மரத்தின் சத்தம் கேட்டுப் பழகாதவள். எனக்குத் தெரிந்ததெல்லாம் சந்தையில் சட்டி வாங்கும்போது விரலால் சுண்டிப் பார்ப்பது. நல்ல சட்டி கணீரென்னும், வெடித்த சட்டி சத்தத்தை விழுங்கிவிடும். அந்த அறிவை வைத்துக்கொண்டு ஒரு மனுசனின் உயிருக்குச் சாட்சி சொல்லப் போகிறேன். கல்லடிப் பாலத்தில் ஏறும்போது, திரும்பிப் போவோம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னாலும் கேட்டிருக்காது.

ரீச்சர் நல்ல மனுசி. தேசிக்காய்த் தண்ணி கரைத்துத் தந்து, பயத்தோடு மரத்தைக் காட்டினா. இரண்டு பேர் கட்டிப் பிடித்தாலும் கை எட்டாத வேம்பு. வேரடியில் ஒரு பக்கம் பழைய காயம் ஒன்று பட்டை மூடி ஆறியிருந்தது. இவர் வழக்கம்போல உள்ளங்கையை வைத்தார், இருக்கிற ஆட்களை எழும்பச் சொன்னார். கோடரியைத் திருப்பினார்.

தட்டினார். கிணற்றுப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. மதில் பக்கம் தட்டியபோது வேறு மாதிரியா, அதே மாதிரியா? ஒருமுறை கணீரென்ற மாதிரி இருந்தது. அடுத்த அடி உள்ளே இறங்கி எங்கோ போய் நின்ற மாதிரி இருந்தது. மதிலுக்கு அப்பால் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. என் நெஞ்சு அடிக்கிற சத்தம் வேறு. எது மரம், எது நான் என்று பிரிக்க முடியவில்லை. அவர் முகத்தைச் சுருக்கி, தலையைச் சரித்து, அப்படியே பழைய அருமைநாயகமாக நின்று தட்டினார். பார்க்கிற எவரும் அந்த மனுசனுக்குக் காது கேட்காது என்று சொல்லமாட்டார்கள். எனக்கு அழுகை வந்தது.

பிறகு திரும்பினார். ரீச்சரைப் பார்க்கவில்லை, மரத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார்.

நான் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினேன்.

ஒரு கணம் அவர் கண் என்மேல் நின்றது. நான் ஏன் ஆட்டினேன், எனக்கு யார் சொன்னது, கச்சி என்ன சொன்னான் எல்லாம் அந்தக் கணத்துக்குள் அவருக்கு விளங்கியிருக்கவேண்டும். ஆனாலும் குரலில் ஒன்றும் காட்டவில்லை. "ரீச்சர், இது கோறை. நான் ஏறமாட்டன். கிரேன்காரர் ஆரையும் பிடிச்சு வெளியில நிண்டு எடுப்பியுங்க" என்றார். ரீச்சர் முகம் வாடிப்போனது. அந்த ஒடுங்கின ஒழுங்கைக்குள் கிரேன் வராது என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

திரும்பி வரும்போது கடற்கரை வீதி முழுக்க நான் அவருடைய முதுகோடு கதைத்தேன். கேட்காது என்று தெரிந்தே கதைத்தேன். "ஏன் எனக்கு ஒளிச்சீங்க? நான் ஆர் உங்களுக்கு? விழுந்து கிடந்தா அந்தப் போனுக்குத்தானே செய்தி வரும், அத என்ட கையில தந்துபோட்டா போனீங்க?" என்று கேட்டேன். ஏசினேன். கெஞ்சினேன். அவர் முதுகில் முகத்தை வைத்து அழுதுகொண்டே ஏசினேன். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவ்வளவு மனம் விட்டு நான் அவருடன் கதைத்ததில்லை. பட்டிருப்புப் பாலம் தாண்டியதும் மோட்டார் சைக்கிளை ஓரத்தில் நிற்பாட்டிவிட்டு, "என்ன பாட்டுப் படிச்சுக்கொண்டு வந்தாய்? முதுகெல்லாம் சுடுது" என்று கேட்டார்.

"ஒண்டுமில்ல" என்றேன். அவர் என் கண்ணைப் பார்த்தார். திரும்ப ஸ்டார்ட் பண்ணினார்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு கேடுகெட்ட அமைதி. நான் கத்துவதை விட்டுவிட்டேன், அவர் கேட்பதை விட்டுவிட்டார். அன்னப்பூரணிகூட வேலிக்கு மேலால் எட்டி, "என்ன கா, கோபமா?" என்று கேட்டாள். அவர் மெசின் வாளைக் கழற்றித் துடைத்து எண்ணெய் விட்டுப் பூட்டினார். பிறகு திரும்பக் கழற்றினார். கயிறுகளை வெயிலில் விரித்துச் சுருட்டினார். போன் வந்தால் நான் எடுத்து, "அவருக்குச் சுகமில்ல" என்று சொன்னேன்.

பிறகு செய்தி வந்தது. செங்கலடிப் பக்கத்தில் இருந்து வேறு ஆட்கள் வந்து ரீச்சர் வீட்டு வேம்பை இறக்கிவிட்டார்கள். ஏறித்தான் இறக்கினார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அடிமரத்தை அரிந்தபோது உள்ளே கோறையே இல்லை, நல்ல வைரம் பாய்ந்த மரமாம். அருமைநாயகத்துக்கு இப்போது மரம் தெரியவில்லை, வயது போய்விட்டது என்று அவர்கள் சிரித்துக் கதைத்ததாக, நானாவின் மச்சான் வந்து என்னிடம் சொன்னார். சொல்லும்போது இவர் வளவில் நின்றார். அவருக்கு வாயசைவு தெரியும் பக்கமாகத்தான் அந்த மனுசன் நின்று கதைத்திருக்கிறார். நான் கவனிக்கவில்லை.

இவர் உடனே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். எங்கே போகிறார் என்று எனக்குத் தெரியும். அவர் திரும்பி வரும் வரைக்கும் ஒரு தையல்கூட நேராகப் போகவில்லை. ஊரில் அவருக்கு இருந்தது அந்த ஒரு பெயர்தான். அதை நான் ஒரு தலையாட்டலில் கெடுத்துவிட்டேன். அவர் ஏறியிருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது. வேலை முடிந்து, வேப்பிலை வாடையோடு வீட்டுக்கு வந்திருப்பார். இதை நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது. ஆனால் திரும்பவும் அந்த மரத்தடியில் நிற்க விட்டால் வேறு மாதிரி ஆட்டுவேனா என்று கேட்டுப் பார்த்தேன். மாட்டேன். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

வெயில் சாயும்போது வந்தார். விரல்களில் மரத்தூள் ஒட்டியிருந்தது. ரீச்சர் வீட்டு அடிக்கட்டையைத் தடவிப் பார்த்திருக்கிறார். கதிரையை இழுத்து, தையல் மெசினுக்கு முன்னால் போட்டு இருந்தார்.

"வைரம்" என்றார். "நடு வரைக்கும் வைரம். ஒரு இடத்துலயும் செல் அரிக்கல்ல."

நான் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்டைக்கு நீ தலைய ஆட்டினாய். கோறை எண்டு கேட்டுதா? இல்லாட்டி, பயத்துல ஆட்டினியா?"

குனிந்தபடியே பதில் சொன்னேன். கதிரையை இன்னும் கிட்ட இழுத்தார். பிறகு, நான் எத்தனையோ வருடமாகக் கேட்காத மாதிரி ஒரு குரலில், "முகத்தப் பார்த்துச் சொல்லு புள்ள. எனக்குக் கேக்கல்ல" என்றார்.

அதை அவர் வாயால் சொன்னது அதுதான் முதல் தரம். நான் தலையை நிமிர்த்தினேன். கத்தவில்லை. மெதுவாக, வாயைத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன்.

"எனக்கு ரெண்டும் ஒரே சத்தமாத்தான் கேட்டுது."

"ரெண்டுமா?"

"ஓம். மரமும் பயமும். பிரிக்க ஏலாமப் போச்சு."

என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். விரலில் ஒட்டிய மரத்தூளை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டார். அப்பா வீட்டுத் தூணடியில் சொன்ன அதே நிதானத்தோடு சொன்னார்.

"அப்ப ஏறேலா."

எழும்பிப் போய் மரம் ஏறுகிற பெல்ட்டைச் சுவர்க் கொழுவியிலிருந்து எடுத்தார். அதை என்ன செய்வது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இனி என்ன தொழில், யார் கூப்பிடுவார்கள், அவருக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. எனக்கு நெஞ்சுக்குள் ஒரு பாரம் இறங்கி இன்னொரு பாரம் ஏறியது.

கச்சி நானாவுக்கு நான்தான் போன் எடுத்தேன். "இனி ஏறமாட்டாராம் நானா" என்றேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பிறகு விம்மல்தான் போனுக்குள்ளால் கேட்டது. வாசலில் பெல்ட்டோடு நின்றவர், "என்னவாம்?" என்று கேட்டார். அவர் முதுகு காட்டி நின்றதால் பழக்கதோஷத்தில் கத்திவிட்டேன், "நானா அழுறார்!"

வேலிக்கு மேலால் அன்னப்பூரணியின் தலை வந்தது. "இண்டைக்கு என்ன கா சண்டை?"

"சண்டை இல்ல" என்று அவளுக்கும் கத்தினேன். "இவர் மரத்தால இறங்கிட்டார்."